அப்பா ஓட்டிய அம்பாசடருக்கு ஆட்டோமேட்டிக் வைக்கலாமா?

கேள்வி: என் அப்பா 1969-ல் வாங்கிய மார்க் 2 அம்பாசடர், பெட்ரோல் வண்டி, எங்கள் தோட்டத்து வீட்டில் இன்னும் ஓடும் நிலையில் நிற்கிறது. அதில்தான் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நாலு தரம் கிளட்ச் மிதித்தாலே கால் கடுக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மாற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காங்கேயம்

பதில்: வேண்டாங்க அம்மிணி. உங்க காலை நோகடிக்கிறது கிளட்ச். அதுக்காகக் கியர் பாக்ஸைக் கழட்டினா அப்பா வண்டியில பாதி போயிடும்.

அந்தப் பட்டறையில என்னென்ன செய்யணும்னு கேளுங்க. ஃப்ளைவீலை எடுத்துட்டு ஃப்ளெக்ஸ் பிளேட்ங்கிற மெல்லிசுத் தகடு, அதுமேல டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்ச் வேலையை ஆயிலை வெச்சே செய்யுற உறுப்பு. ஆட்டோமேட்டிக் பெட்டி தடிமனா இருக்கும், தரையோட நடுவுல மேடா ஓடுற டனலை வெட்டிப் பெருசாக்கி வெல்டு வைக்கணும். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாதுங்க, பாடிதான் சேஸிஸ். டனலை வெட்டுறது முதுகெலும்புல கை வைக்கிற வேலை. அப்புறம் பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோற புரப்பெல்லர் ஷாஃப்டோட நீளத்தை மாத்தி பேலன்ஸ் பார்க்கணும். ஆயில் கூலர் வைக்கணும். ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிற கியர் லீவரோட கம்பியெல்லாம் வெளிய போயிடும். இத்தனையும் செஞ்ச பிறகும் உள்ள இருக்கிறது அதே 1489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அதுலயும் ஒரு பங்கைக் கன்வர்ட்டர் சூடாக்கியே தின்னுடும்.

இதே குடும்பத்து இன்ஜினுக்கு இங்கிலாந்துல ஆட்டோமேட்டிக் வந்தது உண்மைதான். 1961-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 6-ல, வேணுங்கிறவங்களுக்கு போர்க் வார்னர் 35 பெட்டி கொடுத்தாங்க. ஆனா அதுல இருந்தது 1622 சி.சி. இன்ஜின். நம்ம அம்பாசடருக்குத் தாய் வண்டி அதுக்கு முந்தின சீரிஸ் 3. அதுக்கு அவங்க கொடுத்தது 'மேனுமேட்டிக்'. கியர் பாக்ஸ் அதேதான், கிளட்ச் பெடல் மட்டும் இல்லை. கியர் லீவரைப் பிடிச்சதும் சுவிட்ச் தட்டும், இன்ஜினோட வேக்குவம் கிளட்சை விலக்கும். உங்க வண்டியோட தாய்க்கே இருந்த வசதி அது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1997-ல ஒரு மில் முதலாளியோட கான்டெஸாவுக்கு ஜப்பான் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டி வெச்சுக் கொடுத்தேன். கோயமுத்தூர் சமவெளியில வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ஊட்டிக்குப் போறப்ப கல்லாறு தாண்டி, பர்லியாறு வர்றதுக்குள்ள வண்டி படுத்துடுச்சு. சிவப்பா இருக்க வேண்டிய ஆயில் கருத்து, தீஞ்ச வாசம். கூலரைச் சின்னதா வெச்சது என் தப்பு. பின்சக்கரத்தைத் தூக்கி வெச்சுத்தான் கீழ இழுத்துட்டு வந்தோம். கடைசியில பழைய பெட்டியையே திருப்பி மாட்டினேன். வெட்டின டனலைத்தான் திருப்ப முடியலை. அவரு ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. அந்த வெல்டுத் தழும்பு இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

முதல்ல உங்க கிளட்ச் ஏன் இவ்வளவு கனக்குதுன்னு பாருங்க. நல்லா இருக்கிற அம்பாசடர் கிளட்ச் நாலு மிதியில காலைக் கடுக்க விடாது. பெடல் திரும்புற இடத்து புஷ் எண்ணெய் இல்லாம காஞ்சிருக்கலாம், கிளட்சை அழுத்துற கார்பன் பேரிங் தேஞ்சிருக்கலாம், பொருந்தாத பிரஷர் பிளேட்டை யாராவது மாட்டியிருக்கலாம். அதைச் சரிபண்ணியும் வலிச்சா அந்த மேனுமேட்டிக் மாதிரியே வேலை செய்யுற ஆட்டோ கிளட்ச் வையுங்க. மாற்றுத்திறனாளிகளோட வண்டிக்கு இதைப் போட்டுப் பழகினவங்க இருக்காங்க. பெட்ரோல் வண்டிக்கு இன்ஜின் காத்தை உறிஞ்சுற மேனிஃபோல்டு குழாயோட வேக்குவமே போதும், கூட அதைச் சேர்த்து வைக்க ஒரு சின்ன டேங்க். போடுறவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க: இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கிளட்ச் விலகிடுமா? விலகும்னா வேண்டாம். இன்ஜின் பிடிச்சு நிறுத்தணும்.

ஓட்டுறப்ப ரெண்டு விஷயம். உங்க வண்டியில முதல் கியருக்கு சிங்க்ரோ (கியரோட வேகத்தை ஒத்துப்போக வைக்கிற அமைப்பு) கிடையாது, அது உங்களுக்கே தெரியும். வண்டி முழுசா நின்ன பிறகுதான் போடணும். சிவன்மலை மாதிரி ஏத்தத்துல நிறுத்தினா வண்டி பின்னால உருளும், அதனால ஹேண்ட் பிரேக்கை முதல்லயே நல்லா இறுக்கி வெச்சுக்குங்க.

சட்டமும் பார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல குறிச்சதுக்கு மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கிளட்ச் வைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர் சான்றோட ஆர்.டி.ஓ. அலுவலகத்துல எழுதிக் கொடுத்துடுங்க. இன்னொண்ணு: 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' வரிசையில விண்டேஜ் பதிவு எண் வாங்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினை மாத்தியிருந்தா அது கிடைக்காது. விண்டேஜ்ல பதிஞ்ச வண்டியை தினப்படி ஓட்டவும் விடமாட்டாங்க, அதனால இப்பவே அவசரம் இல்லை. ஆனா டனலை வெட்டிட்டா அந்தக் கதவு சாத்திடும். ஆட்டோ கிளட்சைப் பேரன் காலத்துல கழட்டி வெச்சுட்டா வண்டி அப்பா ஓட்டினபடியே நிக்கும்.

கேள்வி: ஏற்கெனவே ஆட்டோமேட்டிக் மாற்றிய கான்டெஸா ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பரும் இன்ஜின்ல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகலைன்னா மேல பேச வேண்டாங்க. ஒத்துப்போனா கார்ப்பெட்டைத் தூக்கி டனல் வெல்டைப் பாருங்க, துரு இருந்தா விட்டுடுங்க. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து கியர் பாக்ஸோட ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, தீஞ்ச வாசம் வந்தா வேண்டாம். கடைசியா, பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு லீவரை டி-யில (முன்னால ஓட்டுற நிலை) வெச்சு சாவியைத் திருப்புங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சுன்னா, கியர்ல இருக்கிறப்ப ஸ்டார்ட் ஆகாம தடுக்கிற பாதுகாப்பு சுவிட்சை யாரும் மாட்டலைன்னு அர்த்தம். அதை மாட்டித் தர்றவரைக்கும் முன்பணம் கொடுக்காதீங்க.