பல இந்திய விமான நிறுவனங்கள் மூடப்பட்டபோது, அவற்றைப் போன்ற கட்டணத்திலேயே டிக்கெட் விற்றும் இண்டிகோ எப்படி நிலைத்தது?

இதற்கான விடையை விமானம் வாங்கும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு விமானம்கூடப் பறக்காத 2005இலேயே இண்டிகோ 100 ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தக் கொள்முதலால் கிடைத்த தள்ளுபடி விலையில் வாங்கிய விமானங்களைக் குத்தகை நிறுவனங்களுக்கு விற்று, அவற்றையே சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்து, பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது அதன் வழக்கமாயிற்று. இதனால் கையில் ரொக்கமும் இருந்தது, விமானங்களும் புதிதாகவே இருந்தன.

2006இல் சேவை தொடங்கிய பின் பல ஆண்டுகள் ஒரே ரக விமானத்தையே ஓட்டியதால் விமானிகள் பயிற்சி, உதிரிபாகம், பொறியாளர் எல்லாவற்றிலும் செலவு குறைந்தது. பயணிகள் விமானத்தில் ஏறி இறங்கப் படிக்கட்டுக்குப் பதில் சாய்வுப் பாதை வைத்ததுகூட, என் பார்வையில், தரையில் நிற்கும் நிமிடங்களைக் குறைக்கும் கணக்குதான். நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை.

மாறாக, சொகுசுச் சேவை நடத்திவந்த கிங்ஃபிஷர், குறைந்த கட்டண நிறுவனமான ஏர் டெக்கானை வாங்கி இரண்டு வகைப் பயணிகளையும் பிடிக்க முயன்று, கடன் சுமையோடு 2012இல் நின்றுபோனது. கோ ஃபர்ஸ்ட் கதை வேறு: 2023இல் பிராட் அண்டு விட்னி எஞ்சின் கோளாறால் அதன் விமானங்களில் ஏறத்தாழ பாதி முடங்கி, அது சேவையையே நிறுத்தியது. அதே கோளாறு இண்டிகோவையும் தாக்கியது. ஆனால் நூற்றுக்கணக்கான விமானங்கள் இருந்ததால் தாக்குப்பிடித்தது.