ஜாமீன், தண்டல், சீட்டு: கேள்வி பதில்

கேள்வி (அம்மாப்பேட்டை): மச்சான் தறி போட பேங்கில் 4 லட்சம் வாங்கினார், நான் ஜாமீன். ஆறு மாசமா அவர் கட்டவில்லை, நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது. முதலில் அவர் தறியைத்தானே எடுக்கணும்?

பதில்: அப்படிக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தச் சட்டம் (1872) 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுசும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பேங்க் நேராக உங்களிடமே வரலாம்.

ஆனால் உங்களுக்கும் பிடிமானம் இருக்கிறது. கடன் கணக்கு நகலை எழுத்துமூலம் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பு 133ஆம் பிரிவின்படி உங்களுக்கு இல்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் ஒரு வரி பெரும்பாலும் நுழைந்திருக்கும், தேடிப் படியுங்கள். இன்னொருவரும் ஜாமீன் என்றால் 146ன்படி உங்களுக்குள் சுமை சரிபாதி.

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பணத்தை மச்சான் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு நேராக அனுப்பி, 'ஜாமீன்தாரர் செலுத்தியது' என்று ரசீது வாங்குங்கள். பின்னால் அவரிடம் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சொந்தக்காரர்தானே என்று ரசீது வாங்காமல் விட்ட வீடுகளில்தான் பணமும் போய்ப் பேச்சுவார்த்தையும் நின்றுபோகிறது.

கேள்வி (சிவதாபுரம், கொலுசுப் பட்டறை): தண்டலில் 10,000 எழுதி 8,500 கையில் வருது. தினம் 100, நூறு நாள். 15 சதவீதம்தானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. முதல் நாளே அசல் கரைய ஆரம்பிக்கிறது. நூறு நாளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்களிடம் இருந்திருக்கும். வருடக் கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டும், அதாவது பத்து வட்டி (நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய்). 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தினமும் கொடுத்ததைத் தேதியோடு நோட்டில் எழுதி, எதிரில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நிரப்பாத புரோநோட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (ஏற்காடு): காப்பி வியாபாரி ஜூனில் 60,000 முன்பணம் தந்தார், வட்டி இல்லை. ஜனவரியில் ஆயிரம் கிலோ கொடுக்கணும், விலையில் கிலோவுக்கு 10 ரூபாய் குறைப்பார். நல்லதுதானே?

பதில்: அந்தக் குறைப்புதான் வட்டி. ஆயிரம் கிலோவுக்கு 10,000, ஏழு மாதம்: மாதம் கிட்டத்தட்ட 2.40 வட்டி. எடையிலும் ஈரக் கழிவிலும் போவது தனி. உங்கள் தராசில் ஒருமுறை நிறுத்துவிட்டு மூட்டையை ஏற்றுங்கள்.

கேள்வி (இளம்பிள்ளை): ஏலச்சீட்டுக்கு வட்டியே இல்லையே? 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. மூணாவது மாசம் 30,000 தள்ளி 70,000 எடுத்தேன்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): வட்டி இல்லையாம்! 30,000 சுளையாப் போச்சு அவருக்கு.

கேள்வி (இளம்பிள்ளை): போகல. ஏலத்துல தள்ளுற கழிவை எல்லாருக்கும் பிரிக்கறதால மாசாமாசம் திரும்பி வருது. சராசரி 4,250தான் கட்டுறேன், மொத்தம் 85,000. போனது 15,000.

பதில்: இருவர் கணக்கிலும் காலம் விடுபட்டிருக்கிறது. மூன்று தவணை 12,750 போக, மூன்றாம் மாதம் நிகரமாகக் கையில் வந்தது 57,250. இனிக் கட்ட வேண்டியது 17 தவணை, 72,250. இது மாதம் 2.70 வட்டிக்கு வாங்கிய கடன். இதே சீட்டைக் கடைசியில், 5 சதவீதக் கமிஷன் போக 95,000க்கு எடுப்பவருக்கு மாதம் 1.15 வட்டிபோல வரவு, நடுவில் யாரும் ஓடாமல் இருந்தால். முன்னால் எடுப்பவருக்குச் சீட்டு கடன், பின்னால் எடுப்பவருக்குச் சேமிப்பு. நீங்கள் எந்தப் பக்கம் என்று சேரும்போதே முடிவு செய்யுங்கள். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): பதிவு இல்லாத சீட்டில் எடுத்தவரிடம் நிரப்பாத செக் வாங்குறாங்களே?

பதில்: கொடுக்காதீர்கள். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்ப வைத்திருப்பவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே செக், புரோநோட்டு பற்றிய செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். நிரப்பாத செக்கும் அதே வினைதான்.

கேள்வி (கன்னங்குறிச்சி): ஒரு லட்சம், 12 சதவீதம், 24 மாதம், தவணை 5,167. சரியா?

பதில்: முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 21.6 சதவீதம்.

கேள்வி (வாழப்பாடி): எனக்கு 10 சதவீதம், 36 மாதம்...

பதில்: மேலே உள்ள பதில்தான். கடன்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும்.

கேள்வி (ஓமலூர்): குழுக்கடன் ஆள் ராத்திரி 8 மணிக்குப் போன் பண்ணி மிரட்டுறார் ஐயா.

பதில்: குழுக்கடன் போன்ற குறுங்கடனுக்குக் காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் அழைக்கக் கூடாதென்பது ரிசர்வ் வங்கி விதி அம்மா. அழைப்பு நேரத்தைக் குறித்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், தகவலுக்கு 14448.

கேள்வி (ஆத்தூர்): பூர்விக நிலத்துப் பாகத்தை வைத்து...

பதில்: பாகப் பிரச்சினைக்கு வக்கீலைப் பாருங்கள். என் துறை இல்லை.

கேள்வி (தாரமங்கலம்): தெரிந்தவர்தான், வெற்றுத்தாள் கேட்கிறார்...

பதில்: வேண்டாம். தொகை, தேதி, வட்டி மூன்றையும் உங்கள் கண்முன் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.