தி. நகர் துணிக்கடை இணையதளத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உண்டா?

உங்கள் கடை இணையதளத்தில் பணம் கட்டும் பொத்தானை ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) படிக்கவில்லை என்று பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் புகார் செய்ததாகவும், தனியார் கடைக்கும் சட்டம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

உண்டு சார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 46, மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி சேவை தர வேண்டும் என்று அரசு, தனியார் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கடை சின்னது என்ற விலக்கு ஐரோப்பியச் சட்டத்தில் உண்டு, இதில் இல்லை. மீறினால் பிரிவு 89: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

ஆனால் வக்கீலைத் தேடும் முன் டெவலப்பரைப் பிடியுங்கள். பெரும்பாலும் பொத்தான் வெறும் படமாக இருக்கும், ஸ்கிரீன் ரீடர் படிக்க அதற்கு எழுத்தில் ஒரு பெயரே கொடுத்திருக்க மாட்டார்கள். சின்ன வேலைதான். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் அணுகுவதற்கான இந்தியத் தர அளவுகோல் ஐஎஸ் 17802, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைக் கணினியில் நிறுவி (இலவசம்தான்), மவுஸைத் தொடாமல் ஒரு சேலை வாங்கிப் பாருங்கள். சரியானதும் அந்த வாடிக்கையாளருக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.