பெட்டி ஏன் தரைக்குள்ள போச்சு?

கேள்வி: அண்ணே, நான் பதுளைப் பக்கம் கெம்பஸ் ஒன்னுல புதுசா சேர்ந்த லெக்சரர். கேம் புரோகிராமிங்கும் அனிமேஷனும் ஒரே பாடமா குடுத்துட்டாங்க. பாதிப் பேருக்கு கோடிங்னா பயம், பாதிப் பேருக்கு படம் வரைய வராது, லெப்டொப்பும் ஆளுக்கு ஒரு மாதிரி. எங்கருந்து தொடங்குறது?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு மாதிரி லெப்டொப்லருந்தே தொடங்குங்க தங்கச்சி. ஒரு பெட்டிய ஃப்ரேமுக்கு (திரையில அடுத்தடுத்து மாறுற ஒவ்வொரு படத்துக்கும்) 5 பிக்சல் நகர்த்தச் சொல்லுங்க. நல்ல மெஷின்ல செக்கனுக்கு 60 ஃப்ரேம் ஓடுனா பெட்டி 300 பிக்சல் போயிரும், பழசுல 20 ஃப்ரேம்தான்னா 100லயே நிக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ரேஸ் விடுங்க, "மிஸ் இது அநியாயம்"னு பிள்ளைகளே சண்டைக்கு வருவாங்க, அப்ப சொல்லுங்க டெல்டா டைம்னா என்னன்னு. போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் நடுவுல போன நேரத்தால வேகத்தப் பெருக்கணும், அவ்வளவுதான். செக்கனுக்கு 300ங்கிற வேகத்த அறுபதுல ஒன்னால பெருக்குனா 5, இருபதுல ஒன்னால பெருக்குனா 15, ரெண்டு பெட்டியும் சேந்து வந்துரும்.

அடுத்து பெட்டிய மேலருந்து விழ விடுங்க. ஸ்லோ மெஷின்ல அது பெரிய பெரிய தாவலா வர்றதால மெல்லிசு தரைய அப்படியே தாண்டிப் போயிரும், நடுவுல தரை இருந்ததே அதுக்குத் தெரியாது. நான் மொத தடவ இதப் பாத்துட்டு ராத்திரி பூரா வேற எங்கயோ பிழை தேடுனேன். அதனாலதான் ஃபிசிக்ஸ தனியா சீரான இடைவெளியில ஓட்டுறாங்க, கேம் செய்ற மென்பொருள்கள்ல, யூனிட்டில நாம கை வைக்காட்டி செக்கனுக்கு 50 தடவ, கொடோல 60.

வரைய வராதவங்கள மொதல்ல பாக்கச் சொல்லுங்க. தேயிலைக் கொழுந்து நிறுக்க கூடையோட மலையிலருந்து இறங்குற அக்கா ஒருத்தரக் கேட்டுட்டு (டூரிஸ்ட் மாதிரி கேக்காம எடுக்க வேணாம்) போன்ல வீடியோ எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பாக்கட்டும். சாதாரண நடைக்கு செக்கனுக்கு 24 ஃப்ரேம் கணக்குல ஒரு காலடிக்கு 12னு தொடங்குவாங்க, சுமையோட இறங்குறப்ப காலடி சின்னதாயிரும், முழங்கால் முழுசா நிமிராது, கூடை இடுப்போட சேந்து இறங்காம ரெண்டு மூனு ஃப்ரேம் பிந்தித்தான் இறங்கும். அந்தப் பிந்துறதுலதான் பாரமே தெரியுது. கால் அசைவ வரையிறவங்க செய்யட்டும், கூடை பிந்துறத மத்தவங்கள கோடிங்ல எழுதச் சொல்லுங்க, டெல்டா டைம மறந்தாங்கன்னா கூடை ஒவ்வொரு லெப்டொப்லயும் ஒவ்வொரு மாதிரி ஆடும்.

கேள்வி: யூனிட்டியா கொடோவா?

பதில்: மொத வருஷத்துக்கு கொடோ. இலவசம், இன்ஸ்டால் பண்ணவும் தேவையில்ல, பென் ட்ரைவ்ல போட்டுக் குடுக்கலாம். வேலை தேடுறப்ப யூனிட்டியும் கேப்பாங்க, கடைசி வருஷத்துல அதுக்குக் கோட் எழுதுற சி ஷார்ப் மொழியோட அதையும் காட்டிவிடுங்க.