தேக்குப் பலகை கருகுகிறதா? பிளேடைக் குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் பட்டறையில் 10 அங்குல பிளேடும் 2 எச்.பி. மோட்டாரும் உள்ள டேபிள் சா (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் அறுவை இயந்திரம்) இருக்கிறது. ஒரு அங்குலத் தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்தால் ஓரம் கருகுகிறது. பாதியில் மோட்டார் முனகுகிறது. சென்ற வாரம் ஒரு பலகை என்னை நோக்கியே பாய்ந்துவந்தது. புது பிளேடு போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: காரணம் தெரியும்வரை தயவுசெய்து அந்த இயந்திரத்தை ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் 10 அங்குல பிளேடின் பல் நுனி, மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. முன்பக்கப் பற்கள் மரத்தை மேசைமேல் அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுவதால், மரம் அவற்றில் உரசிச் சிக்கினால் தூக்கி எறிந்துவிடும். கருகலும் இந்தப் பாய்ச்சலும் பெரும்பாலும் ஒரே குறையிலிருந்து வருபவை: பிளேடும் ஃபென்ஸும் (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கவாட்டுத் தடுப்பு) இணையாக இல்லை. பிளேடு மாற்றியும் தீராதது இந்த ஐயத்தை வலுவாக்குகிறது.

அறுத்த துண்டுகளை எடுத்துப் பாருங்கள். ஃபென்ஸை ஒட்டி வந்த துண்டில் மட்டும் கருகல் இருந்தால், ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கி நெருங்கியிருக்கலாம். மறுபக்கத் துண்டில் மட்டும் இருந்தால், பின்முனை அளவுக்கு மீறி விலகியிருக்கலாம். இரண்டிலும் இருந்தால் பிளேடின் கோணத்தையோ பற்களின் கூர்மையையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்குப் பிளேடு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடை முழுவதும் உயர்த்துங்கள். அந்தப் பள்ளத்தில் நகரும் மைட்டர் கேஜில் (குறுக்கே அறுக்கும்போது மரத்தைத் தாங்கித் தள்ளும் கருவி) ஒரு மரத்துண்டைப் பொருத்தி, அதன் முனையில் ஒரு திருகாணியை ஏற்றி, பிளேடின் முன்பக்கத்தில் பென்சிலால் குறியிட்ட ஒரு பல்லை அதன் தலை இலேசாகத் தொடும்படி திருகுங்கள். பிறகு அதே பல்லைக் கையால் பின்பக்கத்துக்குச் சுழற்றி, கேஜையும் பள்ளத்தில் அங்கே தள்ளுங்கள். ஒரே பல்லில் அளப்பதால் பிளேடில் வளைவிருந்தாலும் அளவு பிறழாது. சாதாரண எழுதுதாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், திருகாணிக்கும் பல்லுக்கும் இடையே ஒரு தாள் இறுக்கமாக நுழைந்தால் கவலையில்லை, இரண்டு தாள் நுழைந்தாலோ, திருகாணி பல்லில் இடித்து நின்றாலோ சரிசெய்தாக வேண்டும். மேசைக்கு அடியில் பிளேடு அமைப்பைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் மூன்றைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். (கனமான கேபினெட் வகையில் பெட்டிமேல் இருக்கும் மேசையையே நகர்த்த வேண்டும்.) முறுக்கும்போது அமைப்பு மீண்டும் நகரும் என்பதால், ஒவ்வொரு போல்ட்டை இறுக்கிய பின்னும் அளந்து பார்ப்பதில் சலிப்படையாதீர்கள்.

பிளேடு சரியான பிறகே ஃபென்ஸைத் தொட வேண்டும். அதையும் அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். பின்முனை ஒரு தாளளவு விலகியிருப்பதில் தவறில்லை, நெருங்கியிருக்கக் கூடாது.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் தகடு உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா? இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள். உள்ளிறுக்கமுள்ள பலகை அறுபட்டதும் இரு பாதியும் நெருங்கிப் பிளேடைக் கவ்வும்; அதைத் தடுப்பது இந்தத் தகடுதான்.

தேக்கில் எண்ணெய்ப் பசையும் சிலிக்காவும் இருப்பதால், நல்ல கார்பைடு (மிகக் கடினமான உலோகச் சேர்மம்) பல்லும் விரைவில் பிசின் படிந்து மழுங்கும். பிளேடைக் கழற்றிச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து மாட்டுங்கள். புதிதாக வாங்கியது 60 பல் பிளேடாக இருந்தால் அது குறுக்கே அறுக்க ஏற்றது. நீளவாக்கில் அறுக்க 24 முதல் 30 பல் உள்ளதே பொருந்தும், ஏனெனில் பற்களுக்கிடையே தூள் வெளியேற இடம் வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் மோட்டார் முனகினால் பெல்ட் நழுவுகிறதா, நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். 2 எச்.பி. மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டுவிடுவது நல்லது.