லீட்ஸ் குளிர்ல ஒரு மலைப்பாம்பு

கேள்வி: என் மகன் இங்கிலாந்துல லீட்ஸ்ல படிக்கிறான், ரெண்டாவது வருஷம். கூட தங்கியிருந்த பையன் படிப்பு முடிஞ்சு ஊருக்குக் கெளம்பும்போது அவன் வளர்த்த பாம்ப இவன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். ராயல் பைத்தானாம், மூணு அடி இருக்கும், கண்ணாடித் தொட்டி, மேல கம்பி வலை மூடி. இப்ப அங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு, ராத்திரி வீட்டு ஹீட்டர ஆஃப் பண்ணிடுறாங்களாம், ரூம் 15 டிகிரிக்குப் போயிடுதாம். கடைக்காரர் ஹீட் மேட் போதும்ங்குறார், அவன் ஃபிரண்டு செராமிக் பல்புதான் வேணும்ங்குறான், இன்னொருத்தன் ஹாலஜன்ங்குறான். எனக்குப் பாம்புன்னாலே பயம், ஆனா அவன் கவலைப்படுறதப் பாத்தா எனக்குத் தூக்கம் வரல. எது வாங்கணும்? நான் இங்க சிங்கப்பூர்ல, எலக்ட்ரிக் சாமான் கடைங்க இருக்குற சிம் லிம் டவர்ல ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா? முதுகுவலிக்கு வைக்கிற ஹீட்டிங் பேட் வீட்டுல புதுசா ஒண்ணு இருக்கு, அது ஆகுமா?
— பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட ஒரு அம்மா, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அக்கா, பாம்புன்னாலே பயப்படுற நீங்க இவ்வளவு தூரம் விசாரிச்சு எழுதியிருக்கீங்க, படிச்சதும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இத அப்படியே மகனுக்கு அனுப்பிடுங்க.

முதுகுவலி பேட் வேணவே வேணாம். அதுல பாதி ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல தானா ஆஃப் ஆயிடும், மீதி ஈரம் பட்டா ஆபத்து, எதுலயுமே பாம்புக்கு வேணுங்குற டிகிரிய வைக்க முடியாது. சிம் லிம் டவருக்கும் அலைய வேணாம். அங்கயும் நம்ம மாதிரி மூணு பின் பிளக்தான், 230 வோல்ட்தான், அனுப்புனா வேலை செய்யும், ஆனா அவனுக்கு வேணுங்குறது எல்லாம் அங்க ரெப்டைல் கடையில ஈஸியா கெடைக்கும், பழுதானா மாத்தவும் முடியும். காச அனுப்புங்க, சாமான அனுப்பாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு பேரும் எந்த ஹீட்டர்னு சண்டை போடுறாங்க, தெர்மோஸ்டாட் பத்தி, அதாவது நாம வச்ச டிகிரியத் தாண்டாம ஹீட்டரக் கட்டுப்படுத்துற கருவி பத்தி, ஒருத்தரும் பேசல பாருங்க, எனக்கு அதுதான் கவலை. தெர்மோஸ்டாட் இல்லாம எந்த ஹீட்டர வாங்குனாலும் தப்பு. மொத காசு அதுக்குத்தான் போகணும்.

நான் இத அனுபவிச்சுத்தான் சொல்றேன். இங்கிலாந்துல வேலை பாத்த காலத்துல ஒரு கார்ன் ஸ்நேக் வச்சிருந்தேன். ஹீட் மேட் மட்டும் வாங்கி தொட்டிக்கு அடியில ஒட்டி, கைய வச்சுப் பாத்தேன், இளஞ்சூடாத்தான் இருந்துச்சு, சரின்னு விட்டுட்டேன். மேல மண்ணு கனமா போட்டிருந்ததால சூடு வெளியேற வழியில்லாம அடியிலயே சேந்துக்கிட்டே போயிருக்கு, பாம்பு மண்ண நோண்டிக்கிட்டு நேரா கண்ணாடி மேலயே படுத்திருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு தூக்கிப் பாத்தா வயித்துச் செதில்ல பழுப்பா, செவப்பா தீக்காயம். டாக்டர்கிட்ட ஓடுனோம், மருந்து போட்டு நாலஞ்சு தடவ தோல் உரிஞ்ச பெறகுதான் அடையாளம் கொறஞ்சுச்சு. சுட்டா தானா நகந்துக்கும்னு நாம நெனப்போம், அப்படி நம்பக் கூடாது அக்கா, சூட்டத் தேடிப் போய்ப் படுக்குறதுதான் அதுக்குத் தெரியும், அளவு தாண்டுறப்ப எழுந்து போயிடும்னு சொல்ல முடியாது. சூடாகுற கல்லுன்னு பொம்மைப் பாறை மாதிரி ஒண்ணு விப்பாங்க, அதையும் இதே காரணத்துக்காக வாங்கவே கூடாதுன்னு சொல்லிடுங்க.

பாம்புக்கு நம்ம மாதிரி ஒடம்புக்குள்ள சூடு உண்டாக்கிக்கத் தெரியாது. சூடான பக்கம் போய் ஒடம்ப ஏத்திக்கும், போதும்னா குளிர்ந்த பக்கம் வந்துரும். அதனால தொட்டி முழுக்க ஒரே சூடு இருந்தாலும் கஷ்டம்தான். ராயல் பைத்தானுக்கு ஒரு ஓரம் 31, 32 டிகிரி, எதிர் ஓரம் 25 டிகிரி பக்கம், ராத்திரி எங்கயும் 22க்குக் கீழ போகக் கூடாது. அதோட சொந்த ஊரு கானா, டோகோ, பெனின்னு மேற்கு ஆப்பிரிக்கா பக்கம், பகல்ல எலி வளையிலயும் கரையான் புத்துலயும் ஒளிஞ்சு கெடக்கும். அதனால ஒளியுறதுக்கு சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு, ரெண்டு மறைவு வைக்கணும். ஒண்ணே ஒண்ணு வச்சா பயத்துல அங்கயே சுருண்டு கெடக்கும், சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு அது தவிக்கக் கூடாது.

கடைக்காரர் சொன்ன ஹீட் மேட் ஏன் பத்தாதுன்னா, அது தரையச் சுட வைக்கும், காத்தச் சுட வைக்காது. நம்ம ஊர் மாதிரி ரூமே 28 டிகிரி இருந்தா பரவால்ல. 15 டிகிரி ரூம்ல வயிறு சூடாவும் மூச்சு குளிராவும் இருந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும், மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும், வாயில நொரை வரும், அதுக்கப்புறம் டாக்டர்தான். சாப்பாடும் ஜீரணிக்காது, முழுங்குன எலிய ரெண்டு மூணு நாள் கழிச்சு அப்படியே கக்கிடும், அது பாம்புக்கு ரொம்ப மோசமான விஷயம்.

அதனால இந்தப் பாம்புக்கு சூடு மேலேருந்துதான் வரணும். பகல்ல ஹாலஜன், ராத்திரி செராமிக், நான் சொல்றது இதுதான். ஹாலஜன் வெயில் மாதிரி, அதோட கதிர் தோலத் தாண்டி சதைக்குள்ள போகும், வெளிச்சமும் வரும், பகல் எது ராத்திரி எதுன்னு பாம்புக்குப் புரியும். செராமிக்ல வெளிச்சமே கெடையாது, அதனால ராத்திரிக்கு அதுதான் சரி. செவப்பு பல்பு பாம்புக்குத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்ப வேணாம், நல்லாவே தெரியும். ரெண்டு வாங்க காசு இல்ல, ஒண்ணுதான் முடியும்னா டீப் ஹீட் புரொஜெக்டர்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சம் இல்லாம, செராமிக்க விட ஆழமா சூடு குடுக்கும், பகல் ராத்திரி ரெண்டுக்கும் ஓடும்.

தெர்மோஸ்டாட்லயும் வகை இருக்கு, கடையில தப்பா குடுத்துடுவாங்க, அதனால பேர எழுதிக்கச் சொல்லுங்க. ஹாலஜனுக்கும் டீப் ஹீட்டுக்கும் கரண்ட மெதுவா ஏத்தி எறக்குற டிம்மிங், செராமிக்குக்கு கரண்ட விட்டு விட்டு அனுப்புற பல்ஸ், ஹீட் மேட்டுக்கு சாதா ஆன் ஆஃப் போதும். ஹாலஜன ஆன் ஆஃப்ல போட்டா விட்டு விட்டு எரிஞ்சு பாம்புக்கும் தொல்லை, பல்பும் சீக்கிரம் போயிடும். தெர்மோஸ்டாட்டோட சூட்ட அளக்குற சென்சார் ஒயர சூடான பக்கத்துல, பாம்பு படுக்குற ஒயரத்துல, நகர முடியாத மாதிரி கட்டணும், ஏன்னா பாம்பு அதத் தள்ளி குளிர்ந்த பக்கம் விட்டுட்டா தெர்மோஸ்டாட் இன்னும் சூடு பத்தலன்னு நெனச்சு ஏத்திக்கிட்டே போகும். கட்டுறதுக்கு செலோடேப் வேணாம், பிரிஞ்சு வந்து செதில்ல ஒட்டிக்கிட்டா எடுக்கும்போது தோலே வந்துரும், கேபிள் டை போடட்டும். தனியா ரெண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓரத்துக்கு ஒண்ணு. தெர்மோஸ்டாட்ல தெரியுற நம்பர மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

பல்பு தொட்டிக்கு உள்ள இருந்தா கம்பிக் கூடு கட்டாயம், இல்லன்னா பாம்பு ஏறி சுத்திக்கும். ஹோல்டர் பீங்கான்ல இருக்கணும், பிளாஸ்டிக் உருகிடும்.

இன்னொண்ணு, அந்தக் கண்ணாடித் தொட்டி. மேல வலை மூடி இருக்குறதால நீங்க எவ்வளவு சூடு குடுத்தாலும் மேல போயிடும், ஈரப்பதமும் சேந்து போயிடும், இந்தப் பாம்புக்கு 60 சதவீதமாவது ஈரம் வேணும், செராமிக் வேற காத்தக் காய வைக்கும். இப்போதைக்கு மூணு பக்கமும் வெளிய தெர்மாகோல் ஒட்டி, வலையில பல்பு இல்லாத பக்கத்த மூடி, தண்ணிச் சட்டிய பெருசா வச்சு சமாளிக்கலாம். முடிஞ்சா மரப்பெட்டிக்கு மாத்துறது நல்லது, மரம் சூட்டப் பிடிச்சு வச்சுக்கும், நாலடி நீளத்துல வாங்குனா வளந்த பெறகும் மாத்த வேண்டியதில்ல. கரண்டு பில்லு பத்தி பயப்பட வேணாம், 100 வாட் செராமிக் 24 மணி நேரமும் முழுசா ஓடுனாகூட ஒரு நாளைக்கு 2.4 யூனிட், தெர்மோஸ்டாட் இருந்தா அதுலயும் கொறையும்.

எல்லாம் வாங்கி மாட்டுனதும் ரெண்டு நாள் ஓட விட்டுப் பாத்து நம்பர் சரியா நிக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எலி போடட்டும், அதுவரைக்கும் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகாது. கரண்டு போயிட்டா தொட்டியப் போர்வையால சுத்தட்டும், அன்னிக்கும் சாப்பாடு வேணாம்.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா அம்மாவா நீங்கதான் அவன்கிட்ட பேசணும். அங்க ராயல் பைத்தான் வளர்க்க லைசென்ஸ் தேவையில்ல, ஆனா 2006ல வந்த விலங்குநலச் சட்டப்படி சரியான எடம் அமைச்சுக் குடுக்குறது வளர்க்குறவர் கடமை. இந்தப் பாம்பு 20, 30 வருஷம் இருக்கும். படிப்பு முடிஞ்சு சிங்கப்பூர் திரும்பும்போது கூட கொண்டு வர முடியாது, இங்க அனுமதியே இல்ல. அவனும் இன்னொரு பையன் கையில திணிச்சுட்டு வந்துடாம, இப்பவே அங்க நல்லா வளர்க்கத் தெரிஞ்ச ஒருத்தரப் பாத்து வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: நம்ம ஊர்ல வருஷம் முழுக்க வெயில்தானே, ஹீட்டர் செலவே இல்ல. ஆன்லைன்ல ஒருத்தர் கார்ன் ஸ்நேக் விக்கிறார், சின்னது, விஷமும் இல்ல. எச்டிபி அடுக்குமாடி வீட்டுல யாருக்கும் தொந்தரவு இல்லாம வளர்க்கலாமா?
— ஒரு இளைஞர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கூடாது தம்பி. விஷம் இருக்கா இல்லையாங்குறது பேச்சே இல்ல, சிங்கப்பூர்ல எந்தப் பாம்பையும் வீட்டுல வளர்க்க அனுமதி கெடையாது, ஊர்வன வகையில செவப்புக் காது ஆமையும் மலாயன் பாக்ஸ் ஆமையும்தான் வளர்க்கலாம். ஆன்லைன்ல வர்றது பெரும்பாலும் கடத்திக் கொண்டு வந்ததுதான், வர்ற வழியில எத்தனை செத்துச்சோ நமக்குத் தெரியாது. ஒடம்பு சரியில்லன்னா தைரியமா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகவும் முடியாது, பாவம் அதுதான் தவிக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தா தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸுக்குத் தகவல் சொல்லி ஒப்படைச்சிடுங்க, காட்டுல விட்டுடாதீங்க. பாம்பு மேல உண்மையிலேயே ஆசைன்னா மண்டாய்ல விலங்கியல் தோட்டத்துல ரெப்டோபியான்னு ஊர்வனப் பகுதி இருக்கு, வாரநாள்ல போனா கூட்டம் கம்மி, நிதானமா நின்னு பாக்கலாம்.

கேள்வி: பாப்பாவுக்கு செவப்புக் காது ஆமை வாங்கியிருக்கோம். ராத்திரி ஏர்கான் போட்டுப் படுக்குறோம், தண்ணிக்கு ஹீட்டர் வாங்கணுமா?
— ஒரு அப்பா, உட்லண்ட்ஸ்

பதில்: ஹீட்டர் வேணாம், தொட்டிய ஹாலுக்கு மாத்துங்க. ஏர்கான் இல்லாத எடத்துல நம்ம ஊர்த் தண்ணி அதுக்கு சரியான சூட்டுலதான் இருக்கும். ஆனா தண்ணிய விட்டு முழுசா ஏறி காய ஒரு மேடும், வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரக் குடுக்குற யூவிபி விளக்கும் கட்டாயம் வேணும், அது இல்லன்னா ஓடு மெத்துன்னு ஆயிடும். ஜன்னல் ஓரம் வெயில் வருதேன்னு விட்டுடாதீங்க, கண்ணாடி யூவிபிய மறிச்சிடும், அதோட சின்னத் தொட்டி மத்தியான வெயில்ல கொதிச்சுப் போயிடும். இப்ப உள்ளங்கை அளவு இருக்குறது பெருசானா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும், தொட்டிய அதுக்குத் தகுந்த மாதிரி பாத்து வாங்குங்க.