எக்ஸ்ஆர்டி பீக் நகர்ந்தது மாங்கனீஸால்தானா?

மாங்கனீஸ் சேர்த்த துத்தநாக ஆக்சைடை எக்ஸ்ஆர்டி-யில் (படிகத்தில் எக்ஸ் கதிர் எந்தக் கோணங்களில் பலமாகச் சிதறி பீக் தருகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்ததில் பீக் எல்லாம் இடப்பக்கம், அதாவது சிறிய கோணத்துக்கு, நகர்ந்திருக்கிறது, மாங்கனீஸ் படிகத்துக்குள் போய்விட்டது என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மாங்கனீஸ் அயனி துத்தநாகத்தைவிடப் பெரியது, அது நுழைந்தால் லாட்டிஸ் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) விரிந்து பீக் இடப்பக்கம் போகும் என்பதால் திசை சரியாகத்தான் இருக்கிறது. ஆசை காட்டுவதும் அதுதான்.

நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். 31.77 பாகையில் வர வேண்டியது 31.52-இல், 56.60-இல் வர வேண்டியது 56.37-இல். 100, 110 என்ற அணுத்தளங்களிலிருந்து வரும் இந்த இரண்டு பீக்கும் படிக அலகின் a என்ற பக்க அளவை மட்டுமே சார்ந்தவை. லாட்டிஸ் நிஜமாகவே விரிந்திருந்தால் கோணம் ஏற ஏற நகர்வும் ஏறும், முதலாவதில் 0.25 என்றால் இரண்டாவதில் 0.47 அளவுக்கு வந்திருக்க வேண்டும். உங்களுக்கோ 0.23, அதாவது குறைந்திருக்கிறது.

எனக்கென்னவோ ஹோல்டரில் (சாம்பிளை வைக்கும் தட்டு) பவுடர் விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றுதான் படுகிறது. அப்படி இறங்கினால் பீக் எல்லாம் இடப்பக்கம் போகும், கோணம் ஏற ஏற நகர்வு கொஞ்சம் குறையும். 150 மி.மீ. ஆரமுள்ள கருவியில் 0.3 மி.மீ. சொச்சம் பள்ளமே இதற்குப் போதும்.

கொஞ்சம் சிலிக்கான் பவுடரைக் கலந்து மறுபடி ஓட்டுங்கள். கருவியின் எக்ஸ் கதிர்க் குழாய் செம்பு என்றால் அதன் முதல் பீக் 28.44-இல் நிற்க வேண்டும். அதுவும் கூடவே நகர்ந்தால் மாங்கனீஸுக்குச் சம்பந்தமில்லை. பவுடரைக் கண்ணாடித் தகட்டால் விளிம்போடு சமமாக்குங்கள், ரொம்ப அழுத்த வேண்டாம். மாங்கனீஸ் சேர்க்காத சாம்பிளையும் இதேபோல் எடுங்கள். அப்புறம், உங்கள் வரைபடத்தில் 20 முதல் 30 பாகை வரை தெரியும் அந்த அகலமான மேடு பெரும்பாலும் கண்ணாடி ஹோல்டருடையது. பவுடர் மெலிதாகப் பரவியிருந்தால் அது எட்டிப் பார்க்கும்.